"பிள்ளை என்ன நிறம்?" – நாங்கள் கேட்கும் கேள்வியும் எங்கள் பெண்பிள்ளைகளின் மனமும்

சென்ற வருடம் என் மூத்த மகளுக்கு ஒரு கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டில், குடும்பம் புத்தளத்தில். தொலைபேசியில் பேசிய மாப்பிள்ளையின் மாமி, குடும்பம், படிப்பு, வீடு வாசல் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: "பிள்ளை என்ன நிறம்?"

"பொது நிறம்" என்றேன்.

உண்மையில் என் மகள் கறுப்பு. என்னைப் போல, என் உம்மாவைப் போல. அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறைக்குள் இருந்து மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அடுத்த கிழமை நானே யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய், தெரிந்த ஒருவர் சொன்ன கிறீமை வாங்கி வந்தேன். சின்ன வெள்ளை டப்பா. தயாரித்தவரின் பெயரோ முகவரியோ அதில் இல்லை. "ஒரு மாசத்தில வித்தியாசம் தெரியும்" என்றார்கள். தெரியத்தான் செய்தது. மூன்றே கிழமைகளில் மகளின் முகம் வெளுத்தது. பார்த்தவர்கள் எல்லாம் "மாஷா அல்லாஹ், பிள்ளைக்குக் கலியாணக் களை வந்திட்டுது" என்றார்கள். நான் சந்தோஷப்பட்டேன்.

நான்காவது மாதம் அவளுடைய கால்கள் வீங்கின. காலையில் எழும்பும்போது கண்மடல் ஊதியிருந்தது. சிறுநீர் நுரைத்துப் போனது. பரிசோதனையில் சிறுநீரோடு நிறையப் புரதம் வெளியேறுவது தெரிந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டர் முதலில் கேட்ட கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "முகத்துக்கு ஏதாவது வெள்ளையாக்குற கிறீம் பூசுறீங்களா?"

அல்ஹம்துலில்லாஹ், கிறீமை நிறுத்திய பிறகு, மாதக் கணக்கான சிகிச்சையோடு சிறுநீரகம் தேறி வந்தது. ஆனால் கிறீமை நிறுத்தியதும் முகம் மறுபடியும் கறுத்தது, சில இடங்களில் முன்னைவிடக் கூடுதலாக. அதற்குப் பிறகு அவளுக்கு வந்த நோயை எந்த ரிப்போர்ட்டும் காட்டவில்லை. மச்சாளின் கலியாணத்துக்கு வர மறுத்தாள். கைத்தொலைபேசியில் இருந்த தன் படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். இரவில் தூக்கமில்லை, பகலில் எழும்ப மனமில்லை. ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "உம்மா, நான் கறுப்பு எண்டு சொல்ல உங்களுக்கே வெக்கம் எண்டா, மத்தவங்க என்னை எப்படிப் பாப்பாங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒரு பாடசாலை ஆசிரியையாக நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னவள் நான். என் வீட்டிலேயே இது நடந்தது. மகளின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஒரு தாய் இதை வாசித்துவிட்டுத் தன் வீட்டு அலுமாரியில் இருக்கும் டப்பாவை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் எனக்கு அது போதும்.

இந்த விலைப்பட்டியல் எப்படி வந்தது?

வெள்ளை அழகு, கறுப்பு குறை என்ற எண்ணம் எங்கள் சமூகத்துக்கு மட்டும் உரியதல்ல. யாழ்ப்பாணத்தில் எங்கள் அயலவர்களான தமிழ்ச் சகோதரர்களிடமும் இது இருக்கிறது. தெற்கில் சிங்களவரிடமும் இருக்கிறது. வெயிலில் நின்று உழைப்பவர் கறுப்பார், நிழலில் இருந்து வேலை வாங்குபவர் கறுக்கமாட்டார். ஆகவே நிறம் அந்தஸ்தின் அடையாளமாகியது. பின்னர் நூற்றாண்டுக் கணக்கில் வெள்ளையர் ஆண்டபோது அந்த எண்ணம் இன்னும் இறுகியது. அதன்மேல் விளம்பரம் வந்தது. 1975 இல் இந்தியாவில் சந்தைக்கு வந்த "ஃபெயார் அன்ட் லவ்லி", கறுப்பான பெண்ணுக்கு வேலையும் கிடைக்காது, மாப்பிள்ளையும் கிடைக்காது என்று இரண்டு மூன்று தலைமுறைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது. எதிர்ப்புகளுக்குப் பிறகு 2020 இல் அதன் பெயர் "குளோ அன்ட் லவ்லி" ஆனது. அதே வருடம் இந்தியாவின் பெரிய திருமண இணையத்தளமான ஷாதி டொட் கொம், நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. பெயர்கள் மாறின. வீட்டு விறாந்தையில் கேட்கப்படும் கேள்வி மாறவில்லை.

யாழ்ப்பாண முஸ்லிம்களான எங்களுக்கு இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதேயில்லை.

1990 ஒக்டோபர் 30 அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. சோனகத் தெரு, பொம்மைவெளி எங்கும் ஒலிபெருக்கி கேட்டது. ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். ஐந்து சந்தியில் சோதனை நடந்தது. பெண்களின் நகைகள் அங்கே கழற்றப்பட்டன. பதினேழு வயதான என் ராத்தாவின் கலியாணத்துக்கென்று உம்மா சிறுகச் சிறுகச் சேர்த்த நகைகளும் அங்கேயே போயின. சீதனமாகக் கொடுப்பதற்கு இருந்த வீடும் போனது.

புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு கலியாணம் பேசுவதென்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீடு இல்லை, காணி இல்லை, ஒரு பவுண் நகை இல்லை. பெண் வீட்டாரிடம் மிச்சம் இருந்தது பெண்ணின் தோற்றம் மட்டும்தான். எங்கள் முகாமில் நான் கண்ணால் பார்த்தது இது: வெள்ளையாக இருந்த பிள்ளைகளுக்குச் சீதனம் இல்லாமலே கலியாணம் நடந்தது. கறுப்பாக இருந்தவர்கள் காத்திருந்தார்கள். குடும்பத்தைக் காப்பாற்ற கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் நாட்கூலிக்குப் போன பெண்பிள்ளைகள் வெயிலில் இன்னும் கறுத்தார்கள். குடும்பத்துக்குச் சோறு போட்ட அதே வெயில் அவர்களுடைய கலியாணத்தைத் தள்ளிப்போட்டது. என் ராத்தாவுக்கு முப்பத்திரண்டு வயதில்தான் நிக்காஹ் நடந்தது. அதுவரை அவர் எந்தக் கலியாண வீட்டுக்கும் முன்வரிசையில் போய் இருந்ததில்லை. அதை நாங்கள் "ராத்தாவுக்குக் கூச்சம்" என்று சொல்லிக்கொண்டோம். இன்று யோசித்தால் அது கூச்சமல்ல, மனச்சோர்வு.

2009 இல் யுத்தம் முடிந்தபின் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தோம். இடிந்த வீடுகளைக் கட்டினோம், பள்ளிவாசல்களைத் திருத்தினோம். ஆனால் அந்தக் கொட்டில் காலத்து விலைப்பட்டியலையும் கூடவே கொண்டு வந்துவிட்டோம். நான் மகளுக்குக் கிறீம் வாங்கிக் கொடுத்ததன் பின்னால் ராத்தாவின் அந்தக் காத்திருப்பு இருந்தது. பயத்தில்தான் செய்தேன். பயத்தில் செய்தாலும் பிழை பிழைதான்.

மனதுக்குள் என்ன நடக்கிறது?

"ஒரு சொல்லுக்காக மனம் உடையுமா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே பெரிசு" என்று சிலர் சொல்கிறார்கள். மகளின் பிரச்சினைக்குப் பிறகு நான் மனநல ஆலோசகர் ஒருவரோடு பேசினேன், கொஞ்சம் வாசித்தும் அறிந்தேன். விளங்கிக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, மனிதர்கள் தங்களை மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் அளந்துகொள்கிறார்கள். லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954 இல் இதை விளக்கினார். முன்பு எங்கள் பிள்ளைகள் ஒப்பிட்டது தெருவிலும் வகுப்பிலும் இருந்த பத்துப் பேரோடு. இன்று டிக்டொக்கிலும் இன்ஸ்டகிராமிலும் இருக்கும் ஆயிரம் முகங்களோடு ஒப்பிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஃபில்டர் போட்டவை. ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள்ளக ஆய்வுகள் 2021 இல் வெளியே கசிந்தன. தங்கள் உடலைப் பற்றி ஏற்கனவே மனக்குறை இருந்த பதின்ம வயதுப் பெண்களில் 32 சதவீதமானோர், இன்ஸ்டகிராம் அந்த உணர்வை இன்னும் மோசமாக்கியதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தளத்தை நடத்துபவர்களிடமே இருந்த கணக்கு இது.

இரண்டாவது, எந்நேரமும் பிறரால் பார்த்து மதிப்பிடப்படும் பெண், காலப்போக்கில் தன்னையே வெளியில் நின்று பார்க்கத் தொடங்குகிறாள். ஃப்ரெட்ரிக்சன், ரொபர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1997 இல் இதைப் பற்றி எழுதினார்கள். நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன முடியும் என்பதை விட, நான் எப்படித் தெரிகிறேன் என்பதே மனதை நிரப்பிவிடும். படிக்கும்போதும் அது, கூட்டத்தில் பேசும்போதும் அது. வகுப்பில் பதில் தெரிந்தும் கை உயர்த்தாத பிள்ளைகளை எனக்குத் தெரியும். எழும்பி நின்றால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள் என்ற பயம்தான் காரணம். இந்தக் கவனம் தொடர்ந்தால் வெட்கம், பதற்றம், மனச்சோர்வு, உணவைத் தவிர்ப்பது என்று வளர்கிறது.

மூன்றாவது, அழகின் அளவுகோல் பிறப்பில் வருவதல்ல, வெளியிலிருந்து ஊட்டப்படுவது. இதற்கு நல்ல உதாரணம் பிஜித் தீவு. அங்கே பருத்த உடல்தான் ஆரோக்கியமும் அழகும் என்று காலங்காலமாக மதிக்கப்பட்டது. 1995 இல் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. அன் பெக்கர் என்ற ஆய்வாளர் அப்போதும், மூன்று வருடங்களின் பின்னர் 1998 இலும் பாடசாலை மாணவிகளிடம் விசாரித்தார். எடையைக் குறைப்பதற்காகச் சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் பழக்கம் 1995 இல் ஒருவரிடமும் இருக்கவில்லை. 1998 இல் 11.3 சதவீதமானோரிடம் இருந்தது. மூன்றே வருடங்களில் ஒரு சமூகத்தின் பெண்பிள்ளைகள் தங்கள் உடலை வெறுக்கப் பழகிவிட்டார்கள். மூன்று வருடங்களில் பழக்க முடிந்ததை, மனம் வைத்தால் மாற்றவும் முடியும் என்றே நான் இதைப் படித்தேன்.

நூறு பேரில் ஏறத்தாழ இருவருக்கு இது ஒரு தனி நோயாகவே வளர்கிறது. பிறர் கண்ணுக்குத் தெரியாத, அல்லது மிகச் சிறியதான ஒரு குறையை நினைத்து நாளில் பல மணித்தியாலங்கள் கண்ணாடி முன் நிற்பார்கள், அல்லது கண்ணாடியையே மூடிவைப்பார்கள். இது பெருமையோ பித்தோ அல்ல. மருத்துவ உதவி தேவைப்படும் நோய்.

"எங்கட பிள்ளைகள் ஹிஜாப் போடுறாங்க தானே?"

இதை எழுதப்போகிறேன் என்றபோது ஒரு சகோதரி என்னிடம் சொன்னார்: "இதெல்லாம் தலை திறந்து திரியிறவங்கட பிரச்சினை. எங்கட பிள்ளைகள் மூடித்தானே போறாங்க." அன்னிய ஆண்களின் பார்வையிலிருந்து ஹிஜாப் பாதுகாக்கிறது என்பது உண்மை. ஆனால் என் மகளைக் காயப்படுத்தியது தெருவில் போன ஆண்கள் அல்லர். என் ராத்தாவைக் காயப்படுத்தியதும் அவர்கள் அல்லர். கலியாண வீட்டில் பெண்கள் பகுதியில், திரைக்கு இந்தப் பக்கம், தட்டில் புரியாணியோடு இருந்து பேசும் நாங்கள்தான்.

"மகள் கொஞ்சம் கறுத்திட்டாள் போல." "தங்கச்சி வெள்ளை, ராத்தாதான் வாப்பாட நிறம்." "கறுப்பெண்டாலும் களையான பிள்ளை." இவற்றைப் பாசத்தோடுதான் சொல்கிறோம். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். அந்த "எண்டாலும்" என்ற ஒரு சொல்லுக்குள் முழுத் தீர்ப்பும் இருக்கிறது. "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்ற பழமொழியும் எங்களிடம் இருக்கிறதுதான். அதை ஆறுதல் சொல்லும்போது மட்டும்தான் எடுக்கிறோம். அடிப்பிடித்த சோற்றை வீணாக்கக்கூடாதென்று ருசி என்று சொல்லிச் சாப்பிடுவது போல.

மாப்பிள்ளையின் நிறத்தை யாராவது விசாரிக்கிறோமா? அவருக்கு என்ன தொழில், எந்த நாட்டில் இருக்கிறார் என்றுதான் கேட்கிறோம். என் மகனும் கறுப்புத்தான். அவனுக்கு ஒருபோதும் நான் கிறீம் தேடிப் போனதில்லை. இந்த ஓரவஞ்சனை வீட்டுக்குள்ளேயே நடப்பதைப் பெண்பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிறீமுக்குள் என்ன இருக்கிறது?

எங்கள் தோலின் நிறத்தைத் தருவது மெலனின். அதை உருவாக்கும் கலங்கள் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு மெலனினை, எந்த வகையில் உருவாக்குகின்றன என்பதில்தான் வித்தியாசம். மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து உடலைக் காக்கிறது. கருவில் குழந்தை வளரத் தேவையான போலேற் என்ற சத்து அந்தக் கதிரால் அழிந்துவிடாமலும் காக்கிறது. பூமத்திய கோட்டுக்குப் பத்துப் பாகைக்குள் இருக்கிற யாழ்ப்பாணத்தில் கறுப்பு நிறம் குறையல்ல. இந்த வெயிலுக்கு அல்லாஹ் தந்த குடை அது.

மலிவான, பெயர் முகவரி இல்லாத பல வெண்மையாக்கும் கிறீம்களில் இருப்பது பாதரசம். மெலனின் உருவாக உதவும் நொதியை அது முடக்கிவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு விரைவாக முகம் வெளுக்கிறது. ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. உலக சுகாதார அமைப்பு சொல்லும் பாதிப்புகளில் தோல் தடிப்பு, நிறத் திட்டுகள், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றோடு பதற்றமும் மனச்சோர்வும்கூட இருக்கின்றன. மனத்தாழ்வைப் போக்குவதற்காகப் பூசும் கிறீமே மனதைத் தாழ்த்தக்கூடும் என்பதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. பூசுபவரின் முகத்தோடு முகம் வைக்கும் குழந்தைக்கும், அதே துவாயைப் பாவிக்கும் வீட்டாருக்கும்கூட பாதரசம் போய்ச் சேரலாம்.

கேரளாவில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் வைத்தியசாலையின் சிறுநீரக மருத்துவர்கள் இதைக் கவனித்து ஆராய்ந்தார்கள். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டெம்பர் வரை, சிறுநீரக வடிகட்டிகள் பாதிக்கப்பட்டுப் புரதம் வெளியேறும் ஒருவகை நோயுடன் 22 பேர் அங்கே வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு வழமையில் அரிதாகக் காணப்படும் ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெண்மையாக்கும் கிறீம் பூசியவர்கள். இந்த ஆய்வு "கிட்னி இன்டர்நெஷனல்" என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. எங்கள் டொக்டர் முதல் கேள்வியாகக் கிறீமைப் பற்றிக் கேட்டதன் காரணம் இப்போது எனக்கு விளங்குகிறது.

பாதரசம் தொடர்பான மினமாட்டா உடன்படிக்கை 2013 இல் உருவாகி 2017 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. அழகுசாதனப் பொருளில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது என்று அது முதலில் வரையறுத்தது. 2023 இல், பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்களை 2025 உடன் முழுமையாக ஒழிக்க உறுப்பு நாடுகள் முடிவுசெய்தன. ஆனாலும் அந்த வரையறையை விட ஆயிரக்கணக்கான மடங்கு பாதரசம் கொண்ட கிறீம்கள் உலகெங்கும் கடைகளிலும் இணையத்திலும் பிடிபடுகின்றன.

வாங்குமுன் இவற்றைப் பாருங்கள்:

- தயாரித்தவரின் பெயர், முகவரி, சேர்க்கப்பட்ட பொருட்களின் பட்டியல் இல்லாத கிறீமை வாங்கவே வேண்டாம்.
- பட்டியலில் மெர்குரி, மெர்குரஸ், மெர்குரிக், கலோமெல் என்ற சொற்கள் இருந்தால் அது பாதரசம்.
- "தங்கம், வெள்ளி, அலுமினிய நகைகளில் படவிடாதீர்கள்" என்று எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள். பாதரசம் இந்த உலோகங்களைப் பாதிக்கும்.
- சில கிறீம்களில் ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கும். அது தோலை மெலிதாக்கும், பருவும் முடியும் வளரச் செய்யும். அப்படியானதை நீண்ட நாள் பூசியவர்கள் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியலாம். தோல் மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள்.
- பூசிக்கொண்டிருப்பவருக்குக் கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். டப்பாவையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டு போங்கள்.
- சந்தேகமான கிறீம் விற்பனை பற்றி நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

மார்க்கம் சொல்வதும் நாங்கள் செய்வதும்

நான் ஆலிமா அல்ல. எல்லோருக்கும் தெரிந்ததையே ஞாபகப்படுத்துகிறேன். சூரா அர்-ரூமின் 22 ஆவது வசனம், மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்றாகச் சொல்கிறது. சூரா அல்-ஹுஜுராத்தின் 11 ஆவது வசனம் பிறரைப் பரிகசிப்பதைத் தடுக்கும்போது, பெண்கள் பெண்களைப் பரிகசிப்பதைத் தனியாக எடுத்துச் சொல்கிறது. அந்தத் தனி எச்சரிக்கை எங்களுக்கு ஏன் என்று கலியாண வீட்டுப் பெண்கள் பகுதியில் இருந்து பார்த்தால் விளங்கும். அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயை வைத்து இழித்துப் பேசியபோது, அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் உங்களிடம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் புகாரியில் பதிவாகியிருக்கிறது.

அழகை விரும்புவது தவறு என்று நான் சொல்லவில்லை. செல்வம், குலம், அழகு, மார்க்கப்பற்று ஆகிய நான்கிற்காகப் பெண் மணமுடிக்கப்படுகிறாள் என்ற ஹதீஸ் அழகையும் கணக்கில் எடுக்கிறது. ஆனால் தேர்ந்தெடுக்கச் சொன்னது எதை என்பது எல்லோருக்கும் தெரியும். மஹர் கொடுத்துப் பெண்ணைக் கௌரவிக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, கறுப்புக்கு இவ்வளவு சீதனம், வெள்ளைக்கு இவ்வளவு என்று நாங்கள் தனியாக ஒரு சட்டம் எழுதி வைத்திருக்கிறோம்.

என்ன செய்யலாம்?

இதைப் பெண்பிள்ளைகளிடம் "தன்னம்பிக்கையோடு இரு" என்று சொல்லி முடித்துவிட முடியாது. விலை வைத்தவர்கள் நாங்கள். குறைக்க வேண்டியவர்களும் நாங்கள்தான்.

தாய்மாருக்கு: பிள்ளையின் நிறத்தை, உடம்பை வைத்து வீட்டில் பட்டப்பெயர் வேண்டாம், செல்லத்துக்கும் வேண்டாம். கலியாணத்துக்கு அனுப்பும் படத்தில் ஃபில்டர் போடாதீர்கள். "உன்னைக் காட்ட எனக்கு வெட்கம்" என்பதைத்தான் அந்தப் படம் பிள்ளைக்குச் சொல்கிறது.

ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு: பெண் கேட்டுப் போகும்போது நிறத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்காதீர்கள். பெண்ணைப் பார்க்க மார்க்கம் அனுமதித்திருக்கிறது. மாப்பிள்ளை வந்து பார்க்கட்டும். மாமியும் சாச்சியும் தொலைபேசியில் நிறம் விசாரிப்பதற்கு அதில் இடமில்லை.

பள்ளிவாசல்களுக்கு: வெள்ளிக்கிழமை குத்பாவில் சீதனத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், நல்லது. நிறம் கேட்பதும் அதே சந்தையின் ஒரு பகுதிதான் என்பதையும் சொல்லுங்கள்.

பிள்ளை தொடர்ந்து இரண்டு கிழமைக்கு மேல் சோர்ந்திருந்தால், சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டால், ஆட்களைச் சந்திக்கப் பயந்தால், உயிர்வாழ விருப்பமில்லை என்ற பேச்சு வந்தால், "கண்ணூறு", "ஈமான் குறைவு" என்று தள்ளிவைக்காதீர்கள். ஓதிப் பார்ப்பதோடு டொக்டரிடமும் போங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். நாங்கள் போனோம். போனதற்காக யாரும் எங்களைக் குறைவாக நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் பரவாயில்லை.

மகள் இப்போது முன்னைவிட நன்றாக இருக்கிறாள். பாதியில் விட்ட படிப்பை மறுபடியும் தொடங்கியிருக்கிறாள். இன்னும் சில நாட்களில் கண்ணாடியைத் தவிர்ப்பதைப் பார்க்கிறேன். ஆறு மாதத்தில் வந்ததல்ல, ஆறு மாதத்தில் போகவும் போகாது.

போன மாதம் இன்னொரு இடத்திலிருந்து பேசினார்கள். அதே கேள்வி வந்தது. மகள் குசினியில் இருந்தாள். இந்த முறை நான் குரலைக் குறைக்கவில்லை.

"கறுப்பு. என்னைப் போல" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு "வீட்டில கதைச்சிட்டுச் சொல்றம்" என்றார்கள். இதுவரை சொல்லவில்லை. மகள் தேத்தண்ணீரைக் கொண்டு வந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். ஒன்றும் பேசவில்லை. வெகு நாட்களுக்குப் பிறகு அவளாக வந்து என் பக்கத்தில் இருந்தது அன்றுதான்.